உள்ளூர்ப் பேக்கேஜும் ஊர் விலாசமும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணினி அறிவியல்

கணிப்பொறி என்றால் ஏதோ மேல்நாட்டு விந்தை என்று எட்ட நின்று வியந்த காலம் மலையேறிவிட்டது. இன்று மேல்நிலை இரண்டாம் ஆண்டுக் கணினி அறிவியல் பாடநூலிலேயே பைத்தான் மொழி இடம்பெற்றிருக்கிறது. இரு எண்களைக் கூட்டுவது, பகா எண்களைக் காண்பது, ஒரு பட்டியலை வரிசைப்படுத்துவது என்று நாம் முதலில் எழுதும் நிரல்கள் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கிவிடுகின்றன. ஐம்பது வரி, ஒரு கோப்பு, ஓட்டினால் விடை. ஆனால் சிறு திட்டப்பணி ஒன்றைக் கையில் எடுத்தவுடன் நிலைமை மாறிவிடுகிறது. வரிகள் ஐந்நூறைத் தாண்டுகின்றன. கோப்பைப் பிரிக்க வேண்டியதாகிறது. பிரித்தபின் ஒரு கோப்பில் உள்ளதை இன்னொரு கோப்பு அழைக்க வேண்டும். அங்கேதான் நம்மில் பலர் தடுமாறி நிற்கிறோம்.

கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. ஆனால் 'அப்படி ஒரு மாட்யூல் இல்லை' என்று திரையில் சிவப்பு எழுத்தில் வருகிறது. நேற்று ஓடிய நிரல் இன்று வேறு கணினியில் ஓட மறுக்கிறது. இதன் காரணத்தை எளிய முறையில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். சொல்ல வந்ததை முதலிலேயே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இம்போர்ட் வரியில் நாம் எழுதும் பெயர் ஒரு விலாசம். அந்த விலாசத்தைப் பைத்தான் எங்கிருந்து தேடத் தொடங்குகிறது என்பது தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ஒரு குறிப்பு: நிரலின் கட்டளைச் சொற்கள் கணினியில் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். படிப்பவர் வசதிக்காக அவற்றை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன்.

ஏன் பிரிக்க வேண்டும்?

நம் கடற்கரைக்கு ஏற்ற ஓர் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், இராமேசுவரம், கீழக்கரை ஆகிய ஊர்களுக்கான காற்று நிலவரத்தைப் பட்டியலிட்டுக் காட்டும் ஒரு நிரலை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். கடல்சார் செய்திகளில் காற்றின் வேகம் சில இடங்களில் நாட் கணக்கிலும், சில இடங்களில் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றும் வரும். ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்; அதாவது மணிக்கு 1.852 கிலோமீட்டர். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வகைப்பாட்டின்படி 17 முதல் 27 நாட் வரை தாழ்வு மண்டலம். 28 முதல் 33 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம். 34 முதல் 47 வரை புயல். கிலோமீட்டர் கணக்கில் 31 முதல் 49, 50 முதல் 61, 62 முதல் 88 என்று இவை அமையும்.

நிரலில் மூன்று இடங்களில் நாட்டைக் கிலோமீட்டராக மாற்ற வேண்டியிருக்கிறது. மூன்று கோப்புகளிலும் அந்த ஒரு வரியை நகலெடுத்து ஒட்டிவிடலாம். பார்வைக்கு வேலை முடிந்தது போலவே இருக்கும். ஆனால் ஒரு கோப்பில் மட்டும் கடல் மைலுக்குப் பதிலாகத் தரை மைலின் கணக்கான 1.609 புகுந்துவிட்டால் என்ன ஆகும்? 34 நாட் காற்று உண்மையில் 62.97 கிலோமீட்டர், அது புயல். தவறான கணக்கில் அது 54.7 கிலோமீட்டராகிவிடும். நிரல் அதை 'ஆழ்ந்த தாழ்வு மண்டலம்' என்று எழுதிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. விடை மட்டும் தவறாக இருக்கும். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்ட வரலாற்றைக் கேட்டு வளர்ந்த நமக்கு, புயலுக்கும் தாழ்வு மண்டலத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனை அச்சம் என்றும் தள்ளிவிட முடியாது. செவ்வாய்க் கோளைச் சுற்றிவர அமெரிக்கா அனுப்பிய 'மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்' என்ற விண்கலம் 1999 செப்டம்பர் 23 அன்று இழக்கப்பட்டது. ஒரு நிரல் பவுண்டு கணக்கில் தந்த எண்ணை மற்றொன்று நியூட்டன் கணக்கில் எடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம். அலகு மாற்றம் என்பது ஒரே இடத்தில், ஒரே முறை எழுதப்பட வேண்டியது. மற்ற கோப்புகள் எல்லாம் அங்கே வந்து கேட்டுப் பெற வேண்டும்.

இந்த எண்ணம் புதியதும் அன்று. 1949-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணிப்பொறிக்கே துணை நிரல்களின் நூலகம் ஒன்று இருந்தது. துளையிட்ட காகிதச் சுருள்களில் அவற்றைப் பதிந்து அடுக்கி வைத்து, வேண்டியதை எடுத்துத் தம் நிரலோடு சேர்த்துக்கொண்டார்கள். காகிதச் சுருள் போய்க் கோப்பு வந்திருக்கிறது, தேவை அதேதான்.

மாட்யூலும் பேக்கேஜும்

பைத்தானில் ஒவ்வொரு நிரல் கோப்பும் ஒரு மாட்யூல். அதற்கென்று தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. கோப்பின் பெயரே மாட்யூலின் பெயர். பல மாட்யூல்களை உள்ளடக்கிய கோப்புறை பேக்கேஜ் எனப்படும். பேக்கேஜுக்குள் இன்னொரு பேக்கேஜும் இருக்கலாம்.

நம் நிரலைப் பின்வருமாறு அடுக்குவோம். 'திட்டம்' என்ற கோப்புறைதான் எல்லாவற்றுக்கும் வெளிச்சுவர். அதனுள்ளே 'கடலோரம்' என்ற பேக்கேஜ். கடலோரத்தினுள் 'அலகு', 'ஊர்' என்ற இரண்டு மாட்யூல்களும் 'அறிக்கை' என்ற உட்பேக்கேஜும் உள்ளன. அறிக்கையினுள் 'காற்று' என்ற மாட்யூல்.

திட்டம்
— கடலோரம்
— — அலகு
— — ஊர்
— — அறிக்கை
— — — காற்று

பேக்கேஜாக உள்ள ஒவ்வொரு கோப்புறையிலும், இருபுறமும் இரட்டை அடிக்கோடு இட்ட 'இனிட்' என்ற கோப்பு ஒன்றை வைப்பது வழக்கம். அது வெற்றுக் கோப்பாகவே இருக்கலாம். 2012-இல் வந்த பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து இது கட்டாயம் இல்லை. ஆயினும் 'இது வெறும் கோப்புறை அன்று, பேக்கேஜ்' என்று படிப்பவருக்கும் பிற கருவிகளுக்கும் தெரிவிப்பதால் வைத்துவிடுவதே நன்று.

பெயர் வைப்பதிலும் ஒரு கவனம் வேண்டும். இடைவெளியோ, நடுவே சிறுகோடோ, தொடக்கத்தில் எண்ணோ உள்ள கோப்பை இம்போர்ட் வரியால் அழைக்க முடியாது. 'ப்ராஜெக்ட் ஃபைனல் 2' என்று நாம் சேமித்து வைக்கும் கோப்பு ஒருபோதும் மாட்யூலாக வராது. தமிழ்ப் பெயர் வைக்கலாமா என்றால், வைக்கலாம். 2008-இல் வெளிவந்த பைத்தான் 3.0 முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் மாட்யூல்களுக்கும் தமிழ் எழுத்திலேயே பெயரிட முடியும். பலர் கூடிச் செய்யும் வேலையாக இருந்தால் கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு எளிது.

அலகு என்ற கோப்பில் உள்ளது இவ்வளவே:

டெஃப் கிமீ(நாட்):
    ரிட்டர்ன் நாட் * 1.852

இதைக் காற்று என்ற கோப்பு அழைக்கும் வரி:

ஃப்ரம் கடலோரம்.அலகு இம்போர்ட் கிமீ

'கடலோரம் என்ற பேக்கேஜில் உள்ள அலகு என்ற மாட்யூலிலிருந்து கிமீ என்ற செயற்கூற்றைக் கொண்டு வா' என்பது இதன் பொருள். நடுவில் உள்ள புள்ளி, கோப்புறைக்குள் இறங்கும் படிக்கட்டு. பெரிய இடத்திலிருந்து சிறிய இடத்துக்கு இறங்கி வருவதைக் கவனிக்கவும். கடித உறையில் ஆள் பெயரில் தொடங்கி மாவட்டத்தில் முடிக்கிறோம். இம்போர்ட் வரியில் மாவட்டத்தில் தொடங்கி ஆள் பெயரில் முடிக்கிறோம். அவ்வளவே வேறுபாடு.

அழைத்தவுடன் நடப்பது என்ன?

இம்போர்ட் வரியைக் கண்டவுடன் பைத்தான் மூன்று காரியங்களைச் செய்கிறது. முதலாவது, தேடுதல். இரண்டாவது, கண்டெடுத்ததைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, கோப்பை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை ஓட்டுதல். மூன்றாவது, ஓட்டிப் பெற்றதை நாம் கேட்ட பெயரோடு இணைத்தல். அதே மாட்யூலை வேறு நான்கு கோப்புகள் மீண்டும் கேட்டாலும் பைத்தான் மறுபடி ஓட்டாது. பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும்.

இரண்டாவது காரியத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. இம்போர்ட் என்றால் கோப்பு ஓடுகிறது. அலகு கோப்பின் அடியில் 'எத்தனை நாட்?' என்று கேட்டு விடை அச்சிடும் சோதனை வரிகளை விட்டு வைத்தால், காற்று அதை அழைக்கும்போதும் அந்தக் கேள்வி திரையில் வந்து நிற்கும். இதற்காகவே 'இஃப் நேம் ஈக்வல்ஸ் மெயின்' என்று நாம் பாடத்தில் படிக்கும் அந்த வரி இருக்கிறது. ஒரு கோப்பை நேரடியாக ஓட்டினால் அதன் பெயர் 'மெயின்' என்றாகிறது. பிறர் அழைத்தால் அதன் சொந்தப் பெயரே நிற்கிறது. சோதனை வரிகளை அந்த நிபந்தனையின் கீழ் வைத்துவிட்டால் நேரடியாக ஓட்டும்போது மட்டும் அவை வேலை செய்யும்.

தேடும் வரிசை

இனி முதற்காரியமாகிய தேடுதலுக்கு வருவோம். இதுவே கட்டுரையின் உயிர்நாடி.

பைத்தான் முதலில் தன் பதிவேட்டைப் பார்க்கும். அங்கே இல்லையேல் தன் உடம்போடு பிறந்த சில மாட்யூல்களைப் பார்க்கும். அங்கும் இல்லையேல் ஒரு பட்டியலை எடுத்துக்கொண்டு வரிசையாகத் தேடும். சிஸ் என்ற மாட்யூலில் பாத் என்ற பெயரில் அந்தப் பட்டியல் இருக்கிறது. அச்சிட்டு நாமே பார்க்கலாம். பட்டியலின் வரிசை பெரும்பாலும் இப்படி அமையும்: முதலிடம், நாம் ஓட்டிய கோப்பு இருக்கும் கோப்புறைக்கு. அடுத்து, பைத்தான்பாத் என்ற சூழல் மாறியில் நாம் குறித்து வைத்த இடங்களுக்கு. அதற்கடுத்து, பைத்தானுடன் வரும் நிலையான நூலகத்துக்கு. கடைசியில், பிப் மூலம் நாம் நிறுவிய வெளிப் பேக்கேஜுகளுக்கு.

முதலில் எங்கே கிடைக்கிறதோ அத்தோடு தேடல் நின்றுவிடும். இதைவிடப் பொருத்தமான பேக்கேஜ் இன்னொரு இடத்தில் இருக்கிறதா என்று பைத்தான் ஆராய்வதில்லை.

ஊர்ப் பெயர்களை எண்ணிப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். இராமநாதபுரத்தில் நின்றுகொண்டு 'ஏர்வாடிக்குப் போகிறேன்' என்றால் தர்கா உள்ள ஏர்வாடி என்று எல்லோரும் அறிவர். திருநெல்வேலிச் சீமையில் நின்று அதையே சொன்னால் அங்குள்ள ஏர்வாடிக்கு வழி காட்டுவார்கள். தொண்டி என்றால் நமக்கு நம் கிழக்குக் கடற்கரைத் தொண்டி. சங்க இலக்கியம் பயிலும் தமிழ்த்துறை நண்பருக்கோ மேற்குக் கடற்கரையில் இருந்த சேரர் துறைமுகமாகிய தொண்டியும் நினைவுக்கு வரும். 'மண்டபம் எங்கே?' என்று திருமண வீட்டார் கேட்பதும் இரயில் பயணி கேட்பதும் ஒன்றல்ல. பெயர் ஒன்றே, நிற்கும் இடம் மாறினால் பொருள் மாறுகிறது. கணினி இதை ஊகித்து உணராது. பட்டியலில் முதலில் எதிர்ப்படும் ஏர்வாடியில் இறக்கிவிட்டுவிடும்.

உள்ளே நின்று ஓட்டினால்

நம்மைப் பெரிதும் அலைக்கழிக்கும் பிழையைக் காண்போம். காற்று கோப்பைத் திறந்து வைத்து அங்கேயே ஓட்டு பொத்தானை அழுத்துகிறோம். 'கடலோரம் என்ற மாட்யூல் இல்லை' என்கிறது. ஏன்? ஓட்டிய கோப்பு அறிக்கை என்ற கோப்புறையில் இருக்கிறது. எனவே தேடல் பட்டியலின் முதலிடம் அறிக்கைக்குப் போய்விட்டது. அறிக்கைக்குள் நின்று பார்த்தால் கடலோரம் என்ற கோப்புறை தெரியுமா? தெரியாது; அது மேலே இரண்டு படி ஏறினால் அன்றோ தெரியும்! வீட்டுக்குள் நின்றுகொண்டு தெருப் பெயர்ப் பலகையைத் தேடுவது போன்றது இது.

இதற்குத் தீர்வு எளியது. கட்டளைச் சாளரத்தில் திட்டம் என்ற வெளிக் கோப்புறைக்கு வந்து, அங்கிருந்து இவ்வாறு ஓட்ட வேண்டும்:

பைத்தான் -எம் கடலோரம்.அறிக்கை.காற்று

'எம்' என்பது மாட்யூலைக் குறிக்கும். கோப்பின் இடத்தைச் சொல்லாமல் மாட்யூலின் முழு விலாசத்தைச் சொல்கிறோம். இப்படி ஓட்டும்போது தேடல் பட்டியலின் முதலிடம் நாம் நிற்கும் கோப்புறையாகிய திட்டத்துக்குக் கிடைக்கிறது. அங்கிருந்து பார்த்தால் கடலோரம் தெரிகிறது. எல்லா இம்போர்ட் வரிகளும் வேலை செய்கின்றன.

இன்னொரு வழி, புள்ளி விலாசம். ஒரே பேக்கேஜுக்குள் இருக்கும் கோப்புகள் ஒன்றையொன்று அழைக்கும்போது முழு விலாசத்துக்குப் பதிலாகத் தொடக்கத்தில் புள்ளி இடலாம். ஒரு புள்ளி என்றால் 'நான் இருக்கும் பேக்கேஜ்'. இரண்டு புள்ளி என்றால் 'அதற்கு மேலே உள்ளது'. காற்று கோப்பில் 'ஃப்ரம் .. இம்போர்ட் அலகு' என்று எழுதினால், அறிக்கையைக் கடந்து கடலோரத்துக்கு ஏறி, அங்குள்ள அலகை அது கொண்டுவரும். ஆனால் புள்ளி விலாசமுள்ள கோப்பை நேரடியாக ஓட்டினால் 'தாய்ப் பேக்கேஜ் எது என்று தெரியவில்லை' என்ற பொருளில் பிழை வரும். தான் எந்தப் பேக்கேஜைச் சேர்ந்தவன் என்று தெரியாத கோப்பு, எங்கிருந்து மேலே ஏறுவது? இங்கும் -எம் முறையே கைகொடுக்கும். முழு விலாசம் படிப்பவருக்குத் தெளிவானது. எனவே பொதுவாக அதையே எழுதுவது நல்லது.

ஒரு கணினிக்கு மட்டும் பொருந்தும் வழி

அவசரத்தில் சிலர் இன்னொரு குறுக்கு வழியை நாடுகிறார்கள். நிரலின் தலையில், தம் கணினியில் அந்தக் கோப்புறை இருக்கும் முழுப் பாதையைச் சி-டிரைவ் தொடங்கி அப்படியே எழுதி, தேடல் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அந்தக் கணினியில் நிரல் ஓடும், ஐயமில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேருக்குச் சொந்தக் கணினி இருக்கிறது? இன்று ஆய்வகத்தில் ஐந்தாம் கணினி கிடைக்கிறது. நாளை பன்னிரண்டாம் கணினி. செய்முறைத் தேர்வன்று எது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. பென் டிரைவில் கொண்டுபோய்ச் செருகினால் அதன் எழுத்தும் கணினிக்குக் கணினி மாறுகிறது. வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத, முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவருக்கு, தேர்வு நேரத்தில் திரையில் வரும் அந்த ஆங்கிலப் பிழை வரி எவ்வளவு கலக்கத்தைத் தரும் என்பது சொல்லாமலே விளங்கும். கோப்புறை எங்கே வைக்கப்பட்டாலும் உள்ளிருக்கும் விலாசங்கள் செல்லுபடியாக வேண்டும். அதுவே நல்ல அமைப்புக்கு அடையாளம்.

முறையான வழி வேறு இருக்கிறது. திட்டம் கோப்புறையில் பைப்ராஜெக்ட் என்ற விவரக் கோப்பு ஒன்றை வைத்து, அதில் பேக்கேஜின் பெயரையும் பதிப்பு எண்ணையும் குறித்து, அங்கே நின்று 'பிப் இன்ஸ்டால் -ஈ .' என்று கட்டளை கொடுத்தால், நம் உள்ளூர்ப் பேக்கேஜும் நிறுவப்பட்ட பேக்கேஜுகளுள் ஒன்றாகிவிடும். 'ஈ' என்பது திருத்தத்தக்கது என்பதைக் குறிக்கும். நகலெடுக்காமல் நம் கோப்புறையையே சுட்டி வைப்பதால், கோப்பைத் திருத்தினால் அடுத்த ஓட்டத்திலேயே அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்துவிடும். இதைத் தனிச் சூழல் எனப்படும் 'வென்வ்' ஒன்றுக்குள் செய்தால் கணினியில் உள்ள பிறர் வேலைக்கும் இடையூறு இல்லை. இணைய வசதி இல்லாத ஆய்வகத்தில் இவ்வழி சற்றுச் சிரமம். அங்கே -எம் முறையே போதுமானது.

பெயர் மயக்கம்

அடுத்து வருவது பெயர்ச் சிக்கல். இதற்குத் தமிழிலேயே நல்லதொரு சான்று இருக்கிறது.

'பாம்பன்' என்ற சொல்லில் எத்தனை எழுத்து? பா, ம், ப, ன் என்று நான்கு. பைத்தானின் 'லென்' என்ற செயற்கூற்றைக் கேட்டால் ஏழு என்கிறது. யூனிகோடு முறையில் துணைக்காலும் மெய்ப்புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக இருப்பதே காரணம். ஏழு எழுத்துள்ள 'இராமேசுவரம்' அதற்குப் பதினொன்று. தமிழ் எழுத்துகளைத் தமிழ் முறைப்படி எண்ண உதவும் பேக்கேஜ் ஒன்று உண்டு. 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலையும் அவரோடு இணைந்த ஆர்வலர்களும் வளர்த்துவரும் 'ஓப்பன்-தமிழ்' தான் அது. யாரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தலாம். நம் 'ஊர்' மாட்யூல், ஊர்ப் பெயர்களைக் கையாள இதை அழைத்துக்கொள்ளும்.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, நிறுவும்போது சொல்லும் பெயர் ஓப்பன்-தமிழ். இம்போர்ட் வரியில் எழுதும் பெயர் 'தமிழ்' என்பதன் ஆங்கில எழுத்து வடிவம் மட்டுமே. கடைப் பெயரும் சரக்கின் பெயரும் வேறாக இருப்பது போன்றது இது. இரண்டு, மாணவர் ஒருவர் தம் சோதனைக் கோப்புக்கும் அதே பெயரை வைத்து, ஓட்டும் கோப்புறையிலேயே சேமித்துவிட்டார் என்று கொள்வோம். தேடல் பட்டியலில் முதலிடம் அந்தக் கோப்புறைக்கே. எனவே ஓப்பன்-தமிழ் ஒழுங்காக நிறுவப்பட்டிருந்தும், அழைப்புக்கு வந்து நிற்பது மாணவரின் அரைகுறைக் கோப்புதான். 'அந்தச் செயற்கூறு இதில் இல்லை' என்று பிழை வரும். பழுது பேக்கேஜில் இல்லை, பெயர் மறைந்துவிட்டது. நிலையான நூலகத்தில் உள்ள ரேண்டம், டர்டில் போன்ற பெயர்களைப் பயிற்சிக் கோப்புக்கு வைத்தாலும் இதே கதிதான். உலகெங்கும் மாணவர் இதில் விழுவதால், 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13 பதிப்பில் 'உன் கோப்பின் பெயர் நூலகப் பெயரோடு மோதுகிறது, மாற்றிப் பார்' என்று பிழைச் செய்தியே அறிவுரை கூறுமாறு செய்திருக்கிறார்கள்.

இந்தப் பெயர் மயக்கம் மாணவரை மட்டுமா சோதிக்கிறது? 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் உலகை வியக்க வைத்தார். பெரிய நிறுவனங்கள் தமக்குள் மட்டும் பயன்படுத்திய உள்ளூர்ப் பேக்கேஜுகளின் பெயர்கள் சிலவற்றை அவர் அறிந்தார். அதே பெயர்களில் பொதுக் களஞ்சியங்களில் பேக்கேஜுகளைப் பெரிய பதிப்பு எண்ணோடு வெளியிட்டார். நிறுவும் கருவிகள் உள்ளூர்ப் பேக்கேஜை விட்டுவிட்டு வெளியே இருந்ததை எடுத்துக்கொண்டன. ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35-க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் இது நடந்தது. இசைவு பெற்ற சோதனையாக இருந்ததால் தீங்கு நேரவில்லை. 'பெயர் சொன்னால் போதும், சரியானது வந்துவிடும்' என்ற நம்பிக்கை எவ்வளவு பலவீனமானது என்பதை அது உணர்த்திற்று.

வட்ட அழைப்பு

அலகு காற்றை அழைக்கிறது. காற்று அலகை அழைக்கிறது. இதில் ஒன்று ஓடி முடியும் முன்னரே மற்றொன்று அதனிடம் பொருள் கேட்கிறது. 'பாதி மட்டுமே உருவான மாட்யூல்' என்ற பொருளில் பைத்தான் பிழை காட்டும். இருவருக்கும் பொதுவானதை மூன்றாவது கோப்புக்கு மாற்றிவிடுவதே தக்க மருந்து. அலகு போன்ற அடிப்படை மாட்யூல்கள் யாரையும் அழைக்கக்கூடாது; எல்லோரும் அவற்றை அழைக்கலாம். அடித்தளம் மேல்மாடியைத் தாங்குகிறது. மேல்மாடி அடித்தளத்தைத் தாங்குவதில்லை.

வேறு மொழிகளிலும் இதே தத்துவம் வேறு உருவில் இருக்கிறது. கோ மொழியில் 2018-இல் 1.11 பதிப்போடு மாட்யூல் முறை அறிமுகமாகி, 2021-இல் 1.16 பதிப்பில் இயல்பான முறையாயிற்று. அதில் திட்டத்தின் வெளிக் கோப்புறையில் 'கோ.மாட்' என்ற கோப்பில் ஒரு பெயரை எழுதி வைக்கிறோம். உள்ளூர்ப் பேக்கேஜ் எதுவாயினும் அந்தப் பெயரில் தொடங்கிக் கோப்புறைப் பாதையைச் சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். வட்ட அழைப்பைக் கோ மொழி பெயர்ப்பு நிலையிலேயே மறுத்துவிடும். ஒரு குறையும் உண்டு. பெயர்களில் எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டுமே வரலாம் என்பது அதன் விதி. நம் துணைக்குறியும் மெய்ப்புள்ளியும் எழுத்து என்ற கணக்கில் வருவதில்லை. ஆகவே 'கடல்' என்று அம்மொழியில் ஒரு மாறிக்குப் பெயரிட இயலாது. பைத்தான் இவ்வகையில் நமக்கு நெருங்கிய மொழி.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கொள்வோம்.

1. பலருக்கும் வேண்டிய கணக்கை ஒரே மாட்யூலில் எழுதுக, நகலெடுத்து ஒட்டற்க.

2. இம்போர்ட் விலாசத்தைத் திட்டத்தின் வெளிக் கோப்புறையிலிருந்து தொடங்கி முழுமையாக எழுதுக.

3. வெளிக் கோப்புறையில் நின்று -எம் முறையில் ஓட்டுக.

4. ஒரு கணினியின் பாதையை நிரலுக்குள் எழுதற்க.

5. நூலகப் பெயர்களைச் சொந்தக் கோப்புகளுக்கு வைக்கற்க.

6. பிழை வந்தால் முதலில் தேடல் பட்டியலை அச்சிட்டுப் பார்க்க. நாம் எங்கே நிற்கிறோம் என்பது அதில் தெரிந்துவிடும்.

நண்பர்களே! நாம் எழுதும் திட்டப்பணி மதிப்பெண் வாங்கியவுடன் முடிந்துபோகும் காகிதக் கப்பலாக இருக்க வேண்டியதில்லை. காற்றையும் கடலையும் நம்பி விடியற்காலையில் படகு ஏறும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நம்மிடையே பலர். நாளை அவர்களுள் ஒருவர் உண்மையிலேயே பயன்படும் வானிலை நிரல் ஒன்றை எழுதக்கூடும். அன்று அவருக்கு வேண்டிய அலகு மாற்றமும் ஊர்ப் பெயர்ப் பட்டியலும் நாம் இன்று எழுதி வைத்த பேக்கேஜில் ஆயத்தமாக இருக்கலாம். ஆனால் அவர் கணினியில் அது ஓட வேண்டும். அதற்கு நாம் விட்டுச்செல்ல வேண்டியது ஒழுங்கான கோப்புறையும் சரியான விலாசமுமே.